பட்டிக்குள்ளேயே கிடா: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: ஆட்டுக்கு ஏது முறை? தகப்பன் கிடாவே மகளைச் சேர்ந்தாலும் குட்டி போடத்தானே போகிறது?

உண்மை: போடும். முதல் ஈற்றில் குறை எதுவும் கண்ணில் படாமலும் போகலாம். இந்தப் பேச்சு இன்னும் நிலைத்திருப்பதே அதனால்தான். ஒவ்வோர் ஆடும் வெளியே தெரியாத சில பழுதான மரபணுக்களைச் சுமக்கிறது. ஜோடியில் இன்னொன்று சரியாக இருக்கும்வரை பழுது மறைந்திருக்கும். தகப்பனும் மகளும் சேர்ந்தால், குட்டியின் ஒரு ஜோடியில் ஒரே மரபணு இரட்டையாக வந்து சேர 25 சதவீத வாய்ப்பு. கூடப்பிறந்தவை சேர்ந்தாலும் அதே 25. தகப்பன் மட்டும் ஒன்றென்றால் 12.5. அப்படிப் பிறந்த பெட்டையையும் அதே கிடா சேர்ந்தால் 37.5.

கால் கோணிய குட்டிதான் பிறக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். பிறப்பு எடை குறையும், பால்குடிக் குட்டிகள் சாவது கூடும், சினை பிடிப்பது தள்ளிப்போகும். நாமோ சளி, கழிச்சல் என்று சொல்லிக்கொண்டு கிடாவை விட்டுவிடுவோம்.

இது எவ்வளவு சீக்கிரம் நடந்துவிடுகிறது என்று பாருங்கள். சினைக்காலம் சுமார் 150 நாள். பெட்டைக்குட்டி ஏழெட்டு மாதத்தில் பருவத்துக்கு வரும். கிடாவை வாங்கிவந்த 13ஆம் மாதமே அதன் மகள் அதற்கு முன்னால் நிற்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றுகிறவர்கள்கூட இந்த இடைவெளியில் மகள்களைப் பிரித்துக் கட்டாமல் கோட்டைவிடுகிறார்கள். கிடாக்குட்டி இன்னும் மோசம்: நான்கு மாதத்திலேயே தாயையும் தங்கையையும் தேடும். மூன்றாம் மாதம் பிரியுங்கள், அல்லது காயடியுங்கள்.

நம்பிக்கை: ‘லைன் பிரீடிங்’ வேறு, சொந்தத்துக்குள் சேர்ப்பது வேறு.

உண்மை: இரண்டும் ஒன்றுதான், அளவுதான் வேறு. ஒரு நல்ல மூதாதையின் பங்கு கரைந்துபோகாமல், நெருக்கத்தைக் குறைத்துச் சேர்ப்பது அது; தாத்தாவும் பேத்தியும் என்றால் 12.5. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பேக்வெல் செம்மறிகளை இப்படி உறவுக்குள்ளேயே சேர்த்து ஓர் இனத்தை உருவாக்கினார். ஆனால் அவர் தன் கிடாக்களை மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டு, அங்கே பிறந்த குட்டிகளைப் பார்த்துத்தான் எதை வைப்பது என்று முடிவுசெய்தார், தேறாததைக் கழித்தார். இருபது ஆடு வைத்திருப்பவருக்கு அப்படிக் கழிக்கக் கட்டுப்படியாகாது. பதிவேடும் இல்லாதபோது இந்த முறையை நாடுவது வீண் ஆசை.

நம்பிக்கை: ஒருமுறை சொந்தம் கலந்தால் பரம்பரையே கெட்டது.

உண்மை: உறவே இல்லாத கிடாவை விட்டால் அடுத்த ஈற்றிலேயே கணக்கு பூஜ்யம்.

நம்பிக்கை: ஆணும் பெண்ணும் கலந்த குட்டி பிறந்தால் அது சொந்தச் சேர்க்கையின் தண்டனை.

உண்மை: சானன் போன்ற ஐரோப்பியப் பால் இனங்களில் மோழைக் கிடாவையும் மோழைப் பெட்டையையும் சேர்த்தால், உறவே இல்லாவிட்டாலும் அப்படிப் பிறக்கலாம். கொம்பில்லாமைக்குக் காரணமான மரபணு மாற்றமே இதற்கும் காரணம் என்று 2001இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஜோடியில் ஒன்றாவது கொம்புள்ளதாக இருந்தால் போதும்.

பக்கத்துப் பட்டியோடு கிடா மாற்றிக்கொள்வது நல்ல வழக்கம்தான். ஆனால் போன வருடம் நீங்கள் விற்ற கிடாவின் மகனே திரும்பி வருகிறதா என்று கேட்டுக்கொண்டு கயிற்றைப் பிடியுங்கள்.