உடைந்த ஃபைபருக்கு வீட்டிலேயே அச்சு

புனே அருகே நிக்டி டிரான்ஸ்போர்ட் நகரில் நசுங்கிய லாரி கேபினையே நிமிர்த்தித் தரும் டிங்கர்கள் இருக்கிறார்கள். தகர வேலை அவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் என் சிபானி டால்பினுக்கு அது உதவாது. 1980-களில் பெங்களூருவில் தயாரான அந்த கார், இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனை அடியொற்றியது. பாடி முழுக்க ஃபைபர். துரு அண்டாது, இடிபட்டால் நசுங்காமல் உடைந்துவிடும். உதிரிபாகம் கடையில் கிடைக்காது. அதனால்தான் அச்சு எடுக்கப் பழகினேன்.

இடி பட்டதும் தரையில் சிதறிய சில்லைக்கூடப் பொறுக்கி வையுங்கள். காணாமல் போன வளைவைக் கையால் உருவாக்குவதுதான் இந்த வேலையிலேயே கடினம். துண்டுகளைப் பொருத்தி, பின்பக்கம் மரச்சட்டங்களை ஒட்டி அசையாமல் நிறுத்துவேன். முன்பக்க விரிசல்களில் பிளாஸ்டிசின் களிமண்ணை அழுத்தி வழிப்பேன். அதன்மேல் மெழுகு பாலிஷை நாலைந்து முறை தேய்த்து, அச்சு ஒட்டிக்கொள்ளாமலிருக்க பிவிஏ பூசிக் காயவிட்டு, ஜெல்கோட் அடிப்பேன். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், நிறம் விரலில் ஒட்டக்கூடாது. அதுதான் கண்ணாடி இழை மேட் விரிக்கச் சரியான பதம். ரெசினில் நனைத்த 450 கிராம் மேட் இரண்டு மூன்று அடுக்கு, உடைந்த இடத்தைத் தாண்டி ஒரு சாண் வரை. இதுவே அச்சு.

அச்சு இறுகியதும் அதைக் கழற்றாமல் சட்டங்களை மட்டும் எடுத்துவிட்டு, உடைப்பைப் பின்பக்கமிருந்து கிரைண்டரால் சரிவாகத் தேய்க்க வேண்டும். பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். 3 மி.மீ. தடிமனுக்கு 35 மி.மீ. அளவாவது சரிவு வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டு அதே கோட்டில் திரும்ப விரியும். களிமண்ணைச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, உள்ளிருந்தே ஜெல்கோட்டும் மேட்டும் போடுங்கள். காற்றுக் குமிழை உருளையால் வெளியேற்றுங்கள். முன்பக்க வடிவத்தை அச்சு பார்த்துக்கொள்ளும், பட்டி வேலை மிகக் குறையும்.

துண்டே தொலைந்துவிட்டால், இன்னொரு டால்பினின் அதே பக்கத்தில் அச்சு எடுக்க வேண்டும். வலது மட்கார்டின் அச்சு இடதுக்குப் பொருந்தாது, வளைவு எதிர்த்திசையில் இருக்கும்.

ரெசின் விஷயத்தில் கறாராக இருங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் ஹார்ட்னர் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் நான் ஒரே அலமாரியில்கூட வைப்பதில்லை. ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்ட்னர் 10 முதல் 20 கிராம். மூடிய அறைக்குள் இந்த வேலை வேண்டாம். ஸ்டைரீன் நெடியும் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளும் நுரையீரலுக்கு ஆகாதவை. கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே விடாமல் ஈரம், மேட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் நான் ரெசினைத் தொடுவதில்லை. டிசம்பர், ஜனவரி காலைக் குளிரிலும் இறுகத் தாமதமாகும், நண்பகல் பொழுதே நல்லது.

அச்சைக் கழற்றும்போது உளியை நுழைக்காதீர்கள். ஓரத்தில் மெல்லிய மர ஆப்பு வைத்து, இடுக்கில் தண்ணீர் ஊற்றுங்கள். பிவிஏ கரைந்து அச்சு தானாக விடும். பிறகு அச்சின் பின்பக்கம் மரச்சட்டம் பதித்து, நிழலில் தட்டையாகக் கிடத்தி வையுங்கள். வெயிலில் சுவரோடு சாய்த்து வைத்த அச்சு முறுக்கிக்கொள்ளும், அதில் வார்க்கும் மட்கார்டு கதவோடு சேராது.