திருப்பூர் ஆபீஸுக்கு லினக்ஸ்: எந்த சீட்டுக்கு லாபம்?

லினக்ஸ் இலவசம். ஆனால் ஆபீஸ் நெட்வொர்க்கை அதற்கு மாற்றுவதும் இலவசமா? 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இது அவசரக் கேள்வியாகிவிட்டது. டிபிஎம் 2.0 வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. லைசென்ஸோடு மெஷினையும் வாங்கியாக வேண்டும்.

கணக்குப் போடுமுன் ஒன்று. லைசென்ஸ் இல்லாத காப்பியோடு ஒப்பிட்டால் எந்த மாற்றமும் நஷ்டமாகவே தெரியும். திருட்டுக் காப்பி என்று தெரிந்தே பயன்படுத்தினால், 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதையும் செலவுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

14 கம்ப்யூட்டர் உள்ள ஓர் ஏற்றுமதி ஆபீஸை எடுத்துக்கொள்வோம். எத்தனை மெஷின் என்பதைவிட, எந்த சீட்டிலிருந்து எந்த ஃபைல் வெளியே போகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஸ்டோர், பேக்கிங், செக்யூரிட்டி பதிவு, வருகைப் பதிவு போன்ற இடங்களில் பிரவுசர், மெயில், சாதாரண ஷீட் இவ்வளவுதான் வேலை. லினக்ஸ் மின்ட்டும் லிப்ரே ஆபீஸும் தாராளமாகப் போதும். பழைய மெஷினே இன்னும் சில வருடம் ஓடும்.

மெர்ச்சண்டைசர் கதை வேறு. பையர் அனுப்பும் எக்ஸெல் ஷீட்டில் மேக்ரோ இருந்தால் லிப்ரே ஆபீஸில் அது அப்படியே ஓடும் என்று நம்ப முடியாது. ஒரு காலம் இடம் மாறி, சைஸ் வாரியான எண்ணிக்கை தப்பாகப் போனால், மிச்சம் பிடித்த லைசென்ஸ் பணம் ஒரே ஷிப்மென்ட்டில் போய்விடும். அந்த சீட்டைத் தொடாதீர்கள். பேட்டர்ன், மார்க்கர் போடும் கேட் சாஃப்ட்வேரும் அப்படியே இருக்கட்டும்.

அக்கவுண்ட்ஸில் டேலி. அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. "விண்டோஸ் சர்வரில் டேலியைப் போட்டு, லினக்ஸிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் பார்க்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். பார்க்கலாம், ஆனால் அதற்கும் ஆளுக்கொரு லைசென்ஸ் உண்டு. மிச்சம் எங்கே?

உண்மையான மிச்சம் சர்வரில்தான். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு வாங்கினால், சர்வர் விலை போக, அதைத் தொடும் ஒவ்வொரு ஆளுக்கோ மெஷினுக்கோ 'கால்' எனும் தனி லைசென்ஸ் வேண்டும். லினக்ஸில் சம்பா போட்டு ஃபைல் சர்வராக்கினால் இரண்டுமே இல்லை. விண்டோஸ் மெஷின்களுக்கு அது வழக்கமான ஷேர் ஃபோல்டராகவே தெரியும்; ஊழியர்கள் புதிதாக எதையும் கற்க வேண்டாம். நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான்.

பழகும் நேரமும் செலவுதான். எட்டு பேர் 12 வேலை நாட்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் தடுமாறினால் 96 மணி நேரம், அதாவது ஒருவரின் 12 நாள் சம்பளம். சென்னையில் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாறியபோது, நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கரே முன்னின்று நடத்தினார். முதலாளி மட்டும் விண்டோஸில் இருந்துகொண்டு ஊழியர்களை மாறச் சொன்னால் எடுபடாது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2013-க்குள் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அரசியலும் இருந்தது, வெளி ஃபைல்களோடு ஒத்துப்போகாத புகார்களும் இருந்தன.

வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த சம்பளப் பட்டியல், நோட்டீஸ்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலையையும் மறக்காதீர்கள். ஜிஎஸ்டி, சுங்கத்துறை ஃபைலிங்குக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு ஒரு விண்டோஸ் மெஷினை ஒதுக்கிவிடுவது நல்லது.

ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத வாரமாகப் பார்த்து, ஸ்டோர் மெஷினில் லைவ் பென்டிரைவ் மூலம் முதலில் ஓட்டிப் பாருங்கள். பிரின்டரும் பார்கோடு ஸ்கேனரும் வேலை செய்தால் புது எஸ்எஸ்டி ஒன்றில் லினக்ஸை நிறுவுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல், சீட் பெயர் எழுதி மூன்று மாதம் பீரோவில் வையுங்கள்.