டவர் போனால் ஆட்டமும் போச்சா?

கேள்வி: எங்கள் வீடு போடிமெட்டு பக்கம், ஏலத்தோட்டத்துக்குள் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் செல்போனில் செஸ் ஆடுகிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு ஆன்லைன் போட்டியில் ஒரு யானை கூடுதலாக வைத்து ஜெயிக்கும் நிலையில் இருந்தாள். மழையில் டவர் போய்விட்டது. நெட் வந்து பார்த்தால் ‘டைம் அவுட், தோல்வி’. இன்னொரு நாள் லிசெஸ் என்ற செஸ் தளத்தில் எதிராளியிடம் ராஜாவும் ஒரு குதிரையும்தான் மிச்சம். இவளுக்கு நேரம் தீர்ந்ததும் தோல்வி. செஸ்.காமில் அதே மாதிரி நிலையில் டிரா. இது என்ன நியாயம் ஐயா?
— ஒரு தாய், போடிநாயக்கனூர் வட்டம்

பதில்: உங்கள் மகளுக்கு நேர்ந்தது இந்திய அணிக்கே நேர்ந்திருக்கிறது, அம்மா. 2020 ஆகஸ்ட் 30 அன்று உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதியில் ரஷ்யாவோடு ஆடினோம். முதல் சுற்று 3-3. இரண்டாவதில் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தது. கடிகாரம் ஓடித் தீர்ந்து இருவருக்கும் தோல்வி. அன்று பல நாடுகளில் இணையம் தடுமாறியிருந்தது. இந்தியா முறையிட்டது, ஃபிடே தலைவர் அர்காடி துவார்கோவிச் இரு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

அதற்கு இரண்டு நாள் முன்பு காலிறுதியில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அதே நிஹாலோடு ஆடிக்கொண்டிருந்த ஆர்மீனியாவின் ஹைக் மார்டிரோஸ்யானுக்கு இணைப்பு போய், நேரம் தீர்ந்தது. ஆர்மீனியாவின் முறையீடு தள்ளுபடியானது. அவர்கள் மேற்கொண்டு ஆட மறுத்து விலகினார்கள். நமக்குக் கிடைத்த இரக்கம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆனாலும் கடிகாரம் ஓடத்தான் வேண்டும். டவர் போனதா, தோற்கப்போகிறவர் தானே டேட்டாவை அணைத்தாரா என்பது சர்வருக்குத் தெரியாது. இணைப்பு போனதும் கடிகாரம் நின்றுவிடும் என்றால், இக்கட்டில் இருப்பவர் வெளியே போய் வேறொரு கம்ப்யூட்டரில் நல்ல நகர்வைப் பார்த்துவிட்டு சாவகாசமாக வருவார்.

அநியாயம் போட்டி நடத்துகிற விதத்தில் இருக்கிறது. தேனி டவுனில் ஃபைபர் நெட்டில் ஆடும் பிள்ளையையும், தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் நடுவே அல்லாடும் போனில் ஆடும் பிள்ளையையும் ஒரே விதியில் உட்கார வைத்துப் பரிசும் தேர்வும் முடிவு செய்வது தவறு. போடி மின் ஏல மையத்தில் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஆனாலும் வியாபாரிகள் மையத்துக்கு வந்து உட்கார்ந்துதான் விலை கேட்கிறார்கள். அங்கே நெட் போனால் எல்லோருக்கும் சேர்ந்து போகும். செஸ்ஸிலும் இதற்கு வழி உண்டு. ஹைப்ரிட் என்பார்கள்: நடுவர் கண்ணெதிரே ஒரு மையத்தில் உட்கார்ந்து ஆன்லைனில் ஆடுவது. 2021-ல் ஐரோப்பாவில் உலகக் கோப்பைக்கான தகுதிப் போட்டியையே அப்படி நடத்தினார்கள். போடியில் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் அறையைத் திறந்துவிட்டால் மேட்டுப் பிள்ளைகள் ஜீப் ஏறி வந்து ஆடிவிட்டுப் போவார்கள்.

குதிரை விஷயம் வேறு. ஃபிடே விதிப்படி, நேரம் தீர்ந்தவர் எவ்வளவு மோசமாக ஆடினாலும் எதிராளியால் மேட் வைக்கவே முடியாது என்றால்தான் டிரா. உங்கள் மகளிடம் ஒரு சிப்பாயோ யானையோ இருந்தால், அதுவே அவள் ராஜாவின் வழியை அடைத்து, ஒற்றைக் குதிரையாலும் மேட் விழலாம், அதனால் தோல்வி. ராணி மட்டும் இருந்திருந்தால் டிரா. லிசெஸ் இந்த வழியில் போகிறது. செஸ்.காம் ஒற்றைக் குதிரையைப் பார்த்ததுமே டிரா கொடுத்துவிடும். நேரில் போர்டில் ஆடப்போகும் பிள்ளை ஃபிடே விதிக்கே பழகட்டும்.

நகர்த்தலுக்கு 5 நொடியாவது கூட்டித்தரும் ஆட்டங்களை அவள் தேர்ந்தெடுக்கட்டும். டவர் போவதை அது தடுக்காது. ஜெயித்த ஆட்டம் கடைசி நொடிகளில் கைநழுவுவது குறையும். இணைப்பு போனால் மறு ஆட்டம் உண்டா, யாரிடம், எத்தனை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும் என்று நுழைவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.