பன்னிரண்டு பாய்ப் பள்ளி

ஜப்பான் நாட்டின் தலைநகராகிய டோக்கியோவில் ஷித்தாயா என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள எய்ஷோஜி என்னும் புத்தர் கோயிலில், 1882ஆம் ஆண்டு மே மாதம், ஓர் இளைஞர் சில அறைகளைக் குடிக்கூலிக்குப் பெற்றார். அவருக்கு அப்பொழுது வயது இருபத்தொன்று. பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, உயர்குடிப் பிள்ளைகள் பயிலும் கல்விக்கூடம் ஒன்றில் ஆசிரியராக அமர்ந்திருந்தார். பகலில் பாடம் சொல்லிக் கொடுத்த அவர், எஞ்சிய பொழுதில் மற்போர்க் கலை பயிற்றத் தொடங்கினார். அவர் பெயர் கானோ ஜிகோரோ. ஜப்பானியர் குடிப்பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் வைத்து வழங்குவர்.

பயிற்சிக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. ஜப்பானியர் தம் வீடுகளில் தடித்த வைக்கோற் பாய்களைப் பரப்பித் தரையாகக் கொள்வர். ஒரு பாய் ஏறத்தாழ ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உடையது. அத்தகைய பாய்கள் பன்னிரண்டு விரிக்கும் அளவே அப்பள்ளியின் பரப்பு. முதல் ஆண்டில் சேர்ந்த மாணவர் ஒன்பதின்மர். ஆயினும் அவர்கள் ஒருவரையொருவர் தூக்கி எறிந்தபொழுது கோயிலே அதிர்ந்தது. இறந்தோர் பெயர் பொறித்து வழிபாட்டிற்கு வைத்திருந்த பலகைகள் ஆடின; பாய்களின் கீழிருந்த கட்டைகள் முறிந்தன. இரவில் விளக்கை ஏந்தித் தரைக்கு அடியிலே தவழ்ந்து சென்று, முறிந்த கட்டைகளைச் செப்பனிட்டவர் ஆசிரியரே. கோடோக்கான் என்னும் அப்பள்ளியின் பெயருக்கு 'நெறியை ஆராயும் மன்றம்' என்பது பொருள்.

கானோ இளமையில் மெலிந்த உடலினர், உயரமும் குறைந்தவர். விடுதிப் பள்ளியில் படித்த நாளில் வலிய பிள்ளைகள் அவரைத் துன்புறுத்தினர். மெலியவனும் வலியவனை வெல்லக்கூடிய ஜுஜுத்சு என்னும் கலையைப் பற்றிக் கேள்வியுற்று, அதனைக் கற்க விரும்பினார். 1868ஆம் ஆண்டில் ஜப்பானின் ஆட்சி மாறிய பின்பு, பழைய போர்க்குடியினரின் கலைகள் மதிப்பிழந்து கிடந்தன. ஆசிரியரைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிதாயிற்று. 1877இல் புக்குடா ஹச்சினோசுக்கே என்பவரிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார்.

ஒருநாள் ஆசிரியர் கானோவை ஒரு புது முறையில் வீழ்த்தினார். "கையை எவ்வாறு வைப்பது? காலை எவ்வாறு வைப்பது?" என்று கானோ கேட்டார். ஆசிரியர் விடை கூறாமல் மீண்டும் அவரை வீழ்த்தினார். மறுபடியும் கேட்டார், மறுபடியும் வீழ்ந்தார். பலமுறை வீழ்ந்தால் கலை தானே வரும் என்பது அக்காலத்தார் கொள்கை. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், கேட்பவனுக்கு விடை கூறாத கல்வி கானோவின் உள்ளத்திற்கு நிறைவு தரவில்லை. பின்னர்த் தாமே பள்ளி கண்டபொழுது பயிற்சியை நான்காக வகுத்தார். எதிரியோடு தடையின்றிப் பொருதல் ஒன்று, வகுத்த முறைப்படி இருவர் சேர்ந்து அசைவுகளைப் பழகுதல் ஒன்று, விரிவுரை ஒன்று, வினாவும் விடையும் ஒன்று. அடிபட்டும் உதைபட்டுமே கற்ற ஒரு கலையில், வினாவுக்கென்று இடம் ஒதுக்கியது பெருமாற்றம் என்றே கூறவேண்டும்.

அவர் கற்பித்த கலைக்கு ஜூடோ என்று பெயரிட்டார்; 'மென்மை நெறி' என்பது அதன் பொருள். பொருளை விளக்க அவர் ஓர் எளிய கணக்குக் காட்டுவதுண்டு. ஒருவனுக்குப் பத்துப் பங்கு வலிமை. மற்றவனுக்கு ஏழு பங்கு. பத்து உடையவன் தள்ளும்பொழுது ஏழு உடையவன் எதிர்த்து நின்றால், அவன் தோற்பது உறுதி. எதிர்க்காமல் அத்தள்ளுதலுக்கு இசைந்து பின்வாங்கினாலோ, தள்ளியவன் தன் விசையாலேயே முன்னோக்கிச் சாய்ந்து நிலைகுலைவான். அந்நொடியில் அவனை வீழ்த்த முழு வலிமையும் வேண்டுவதில்லை.

புதிதாகச் சேர்ந்த மாணவன் முதலில் கற்பது பிறனை வீழ்த்துவதன்று. தான் வீழ்வதையே கற்கிறான். முதுகு தரையைத் தொடும் வேளையில் முன்கையும் உள்ளங்கையும் பாயில் அறைந்து, விழுந்த வேகத்தைப் பரவச் செய்வான். தலை தரையில் மோதாதவாறு முகவாயை மார்போடு சேர்ப்பான். இவ்வாறு நூறு முறை, இருநூறு முறை விழுந்தெழுந்த பின்னரே அச்சம் நீங்கும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எதிர் நிற்பவனை வணங்குதல் முறை. ஆண்டின் கடுங்குளிர் நாட்களில், விடியுமுன் கூடிப் பயிலும் குளிர்காலப் பயிற்சியும் உண்டு. அதில் யார் யாரை வென்றார் என்பது பெரிதன்று. ஒருநாளும் தவறாமல் வந்தவர்க்குச் சான்றிதழ் வழங்குவர்.

மாணவரின் தேர்ச்சியைக் குறிக்கும் படிகளை வகுத்ததும் கானோவே. முன்னாளில் ஆசிரியர், நெடுங்காலம் பயின்ற மாணவருக்குச் சான்றுச் சுருள் அளிப்பது வழக்கம். இரு சுருள்களுக்கிடையே பல ஆண்டுகள் கழியும். தான் எவ்வளவு கற்றோம் என்பதை மாணவன் அறிய வழியில்லை. 'கோ' என்னும் பலகை விளையாட்டில் தேர்ந்தவர்களை 'டான்' என்னும் படிகளால் குறிக்கும் வழக்கம் முன்னரே இருந்தது. அத்தகைய படிகளை 1883இல் தம் மாணவருக்குக் கானோ வழங்கலானார். முதற்படியை முதலிற் பெற்றவர் தொமித்தா சுனெஜிரோ, சைகோ ஷிரோ என்னும் இருவர். சில ஆண்டுகள் கழித்தே, படி பெற்றோர் இடையிற் கறுப்புப் பட்டை கட்டும் வழக்கம் வந்தது. ஏனையோர் வெண்பட்டை கட்டினர். மஞ்சள், பச்சை, நீலம் முதலிய நிறங்கள் பின்னாளில் ஐரோப்பாவிலே சேர்ந்தவை. ஆறாம் படி முதல் எட்டாம் படி வரை வெண்மையும் செம்மையும் மாறிமாறி அமைந்த பட்டை. ஒன்பதும் பத்தும் செம்பட்டை. கராத்தேயும், கொரிய நாட்டுக் கலையாகிய டேக்வாண்டோவும் இன்று வழங்கும் பட்டைகளும் படிகளும் இப்பள்ளியிலிருந்து பரவியவையே.

கறுப்புப் பட்டை கட்டியவனைக் கண்டால், கலையைக் கரை கண்டவன் என்று பலரும் வியப்பர். முதற்படிக்கு ஜப்பானியர் இட்ட பெயரோ 'ஷோடான்'. தொடக்கப் படி என்பது அதன் பொருள். அரிச்சுவடியை முடித்து நூலைக் கையிலெடுக்கும் சிறுவனின் நிலை அது.

தேர்ச்சியைக் காட்டுவதற்காக வகுத்த இப்படிகள் ஒருசாராருக்கு நெடுநாள் தடையாகவும் நின்றன. கோடோக்கானில் பெண்கள் பகுதி 1926இல் ஏற்பட்டது. கானோவின் முதல் ஆசிரியராகிய புக்குடாவின் பேத்தி கெய்கோ என்பவர். தம் ஆசிரியரின் குடும்பத்தை மறவாத கானோ, அப்பெண்ணை நேரில் அழைத்து ஜூடோ பயிலத் தூண்டினார். 1935இல் அவர் பள்ளியில் சேர்ந்தார். ஐந்தடியும் நிரம்பாத உயரம். தேநீர்ச் சடங்கு, மலர் அடுக்குதல், அழகெழுத்து ஆகியவற்றில் பயின்ற கைகள். மணம் செய்துகொண்டால் பயிற்சியை விடவேண்டி வரும் என்றெண்ணி, மணத்தையே விடுத்தார். கானோ 1938இல் கடற்பயணத்தின்போது கப்பலிலேயே மறைந்தார். கெய்கோ அம்மையார் தொடர்ந்து பயின்றும் பயிற்றியும் வந்து, 1953இல் ஐந்தாம் படியை எய்தினார்.

அப்பால் ஏற வழியில்லை. பெண்கள் ஐந்தாம் படிக்கு மேற்செல்லலாகாது என்பது பள்ளியின் நிலையாக இருந்தது. அவருக்குப் பின்வந்த ஆடவர் பலர் அவரைக் கடந்து மேற்படிகளை அடைந்தனர். திறமையை அளப்பதற்காகச் செய்த அளவுகோல், அளக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்று பார்த்தது முறையன்று. அம்மையார் பயிற்சியை நிறுத்தவில்லை. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் விழாவில் ஜூடோவின் மென்மை முறைகளை ஆடிக் காட்டினார். 1966இல் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவில் பெண்கள் கல்லூரி ஒன்றிலும், சான்பிரான்சிஸ்கோ நகரில் தாம் நிறுவிய பள்ளியிலும் கற்பித்தார். அவருக்காகப் பலர் குரல் எழுப்பினர். இறுதியில் 1972இல் கோடோக்கான் இசைந்தது. ஆறாம் படி பெற்ற முதற் பெண்டிராக அவரும் நொரித்தோமி மசாக்கோ என்பவரும் விளங்கினர். ஐந்தாம் படிக்கும் ஆறாம் படிக்கும் இடையே கழிந்தவை பத்தொன்பது ஆண்டுகள்.

2006இல் கோடோக்கான் அவருக்கு ஒன்பதாம் படி அளித்தது. 2011இல் அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் படி அளித்தபொழுது அவருக்கு வயது தொண்ணூற்றெட்டு. பாயில் நிற்க இயலாத முதுமையிலும் நாற்காலியில் அமர்ந்து, மாணவியரின் பிடியையும் அடிவைப்பையும் நோக்கித் திருத்தி வந்தார். 2013ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சான்பிரான்சிஸ்கோவில் அவர் காலமானார்.