நீதிபதிக்கு வாக்களிக்கலாமா?

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

சட்டமன்றத்திற்கும் பாராளுமன்றத்திற்கும் நம் பெற்றோர் வாக்களிக்கின்றனர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்கு இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கவும் நம் ஊரில் பலர் வாக்களித்திருக்கின்றனர். ஆனால் நீதிபதியைத் தேர்ந்தெடுக்க நம்மில் எவர் வீட்டாரும் வாக்குச் சாவடிக்குச் சென்றதில்லை. ஏன்? இக்கேள்வி எங்கள் வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியால் எங்கள் உள்ளத்தில் எழுந்தது.

குடிமையியல் பாடத்திற்காக வகுப்பில் ஒரு 'நீதிமன்றம்' அமைத்தோம். வாக்கெடுப்பு நடத்தினோம். தோழியர் அதிகம் உடையவளே நீதிபதியானாள். அவ்வாரமே ஒருத்தியின் ஜாமெட்ரி பெட்டி காணாமற் போயிற்று. கடைசி வரிசையில் தனியே அமரும் மாணவி ஒருத்தி மீது பழி விழுந்தது. "யார் யார் இவளைக் குற்றவாளி என்கிறீர்கள்?" என்று நீதிபதி கேட்டாள். பெரும்பாலோர் கை உயர்த்தினோம். தீர்ப்பும் அவ்வாறே ஆயிற்று. நான்கு நாள் கழித்து அப்பெட்டி ஆய்வுக்கூட அலமாரியில் கிடைத்தது. நாங்கள் மன்னிப்புக் கேட்டபோது அவள், "என்னை ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே" என்றாள். அச்சொல் இன்றும் எங்களைச் சுடுகின்றது.

பிற நாட்டு வழக்கம்

நீதிபதிக்கு வாக்களிக்கும் நாடும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கவுண்டி எனப்படும் வட்டாரக் குற்றவியல் நீதிமன்றங்களின் நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். பதவிக் காலம் 4 ஆண்டுகள். வேட்பாளர் கட்சியின் பெயரால் நிற்பார், வாக்குச் சேகரிப்பார். மக்களுக்குப் பிடிக்காத நீதிபதியை அடுத்த தேர்தலில் மாற்றிவிடலாம் என்பது இதன் நன்மை. மக்களுக்குப் பிடிக்காத, ஆனால் நேர்மையான தீர்ப்பைக் கூற அவர் அஞ்சக்கூடும் என்பது இதன் தீமை. குற்றமற்றவர் என்று அறிந்தும், கூட்டத்தின் கூச்சலுக்கு அஞ்சி இயேசுவை ஒப்புக்கொடுத்த பிலாத்துவை நாம் மறந்துவிடவில்லை அன்றோ?

உத்திரமேரூர் காட்டும் வழி

நம் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919-லும், அதைத் திருத்தி 921-லும் வெட்டப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இதுவே குடவோலை முறை. இவ்வாறு ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றிற்கு உறுப்பினர் அமைந்தனர். சோழர் காலத்தில் ஊர்ச் சபைகளே வழக்குகளையும் விசாரித்தன.

ஓலையில் எவர் பெயரையும் எழுதிவிட முடியாது. வயது 35-க்கு மேல் 70-க்குள் இருத்தல் வேண்டும். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். திருடியவருக்கும் இடமில்லை. பதவி 360 நாட்களே. ஆயினும் நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அக்குடத்தில் இடமிருந்தது. பெண்களின் ஓலை அதில் விழவேயில்லை. இக்குறையையும் நாம் மறைக்கலாகாது.

இன்றைய முறை

நம் அரசியலமைப்பின் 233-ஆம் பிரிவின்படி, மாவட்ட நீதிபதியை உயர்நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிக்கின்றார். வழக்கறிஞர்களிலிருந்து நேரடியாக எடுக்கப்படுவோர் 7 ஆண்டுகளேனும் தொழில் செய்திருக்க வேண்டும். கீழ் நீதிமன்றங்களை உயர்நீதிமன்றம் மேற்பார்வையிடுகின்றது. தீர்ப்பில் பிழை கண்டால் மேல்முறையீடு செய்யலாம். எங்கள் வகுப்பு நீதிமன்றத்தில் இவற்றில் ஒன்றுமே இல்லை!

இம்முறை பெண்களுக்கும் வாயில் திறந்தது. 1937-இல் திருவிதாங்கூரில் முன்சீப் ஆன அன்னா சாண்டி 1959-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1989-இல் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி, பின்னர் நம் மாநிலத்தின் ஆளுநராகவும் விளங்கினார்.

முடிவுரை

நம்மை ஆள்வோரை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்போம். அது நம் உரிமை. ஆனால் ஒருவர் குற்றவாளியா அல்லரா என்பது உயர்த்திய கைகளை எண்ணி அறிவதன்று. இரு தரப்பையும் கேட்டு, சான்றுகளை ஆராய்ந்து அறிவது. தனியே நிற்பவரின் சொல்லையும் கேட்கும் துணிவு நீதிபதிக்கு வேண்டும். அவருக்கு மட்டுமன்று, வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நமக்கும் வேண்டும்.

இப்பொழுது கடைசி வரிசையில் அத்தோழி தனியே அமர்வதில்லை. தோழியரே, அடுத்த முறை கை உயர்த்துமுன் ஒரு கேள்வியேனும் கேட்போமாக!