4,29,49,67,297: ஃபெர்மா நம்பிய எண்

நம்பிக்கை: ஒரு விதி ஐந்து முறை சரியாக வந்தால் ஆறாவது முறையும் சரியாகவே வரும்.

1640-இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே இப்படி நம்பினார். 2-இல் தொடங்கி வர்க்கமாக்கிக்கொண்டே போனால் 2, 4, 16, 256, 65,536 என்று வளரும். ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537. ஐந்தும் பகா எண்கள். ஆறாவது, 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. அதுவும் அதற்கு அப்பால் வருபவையும் பகா எண்களே என்று கடிதங்களில் எழுதினார். தன்னிடம் நிரூபணம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மையைப் பலர் குறிப்பிடுவதில்லை. 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் அந்த ஆறாவது எண்ணை உடைத்தார்: 641 × 67,00,417.

இந்த வரிசையில் ஆறாவது முதல் 33-ஆவது வரை அத்தனையும் பகு எண்கள் என்று இன்று தெரியும். ஃபெர்மா கண்ட ஐந்தைத் தவிர வேறொரு பகா எண் இதுவரை அகப்படவில்லை.

நம்பிக்கை: கணினி இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கான எண்களால் வகுத்துப் பார்த்துத்தான் 641-ஐப் பிடித்திருக்க முடியும்.

குருட்டுத்தனமாகத் தேடினால் அந்த எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 65,536-க்குள் உள்ள 6,542 பகா எண்களையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் இந்த எண்ணின் காரணி எதுவானாலும் அது 64-இன் மடங்கைவிட 1 அதிகமாகத்தான் இருக்க முடியும். இதை ஆய்லரே பின்னர் நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவது வகுத்தலிலேயே விடை!

வகுக்காமலும் காட்டலாம். 640 என்பது 5 × 128; அதாவது 5-ஐ 2-இன் 7-ஆம் அடுக்கால் பெருக்கியது. 641-ஆல் வகுக்கும்போது 640-இன் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625 × (2-இன் 28-ஆம் அடுக்கு) என்பதன் மீதி 1. இனி 625 + 16 = 641 என்பதால், 625 இருக்கும் இடத்தில் −16-ஐ வைக்கலாம். 16 என்பது 2-இன் 4-ஆம் அடுக்கு. ஆக, 2-இன் 32-ஆம் அடுக்கின் மீதி −1. அதோடு 1 கூட்டியதுதான் நம் எண், மீதி 0. பத்தாம் வகுப்பு மாணவர் கையில் கொடுக்க இதைவிட அழகான நிரூபணம் எனக்குத் தெரியாது.

நம்பிக்கை: கணினியின் 32 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான்.

அது இதைவிட 2 குறைவு: 4,29,49,67,295. அந்த எண் 3 × 5 × 17 × 257 × 65,537. ஃபெர்மாவின் ஐந்து பகா எண்களின் பெருக்கல் பலன். 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய முடியும் என்று 1796-இல் கணிதவியலாளர் காஸ் கண்டறிந்தார். 17-ஐப் போலவே ஃபெர்மாவின் பகா எண்களால் மட்டுமே ஆனது என்பதால், 4,29,49,67,295 பக்கப் பலகோணத்தையும் வரைய முடியும். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவற்றில் நமக்குத் தெரிந்தவரை அதுவே மிகப் பெரியது.

நம்பிக்கை: காரணியைக் காட்டாமல் ஒரு எண்ணைப் பகு எண் என்று சொல்ல முடியாது.

முடியும். 1877-இல் கணிதவியலாளர் பெப்பன் தந்த சோதனை, 3-இன் ஓர் அடுக்கைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து, அதன் மீதியைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடும். இந்த வரிசையின் 21-ஆவது எண்ணில் 3,15,653 இலக்கங்கள். அது பகு எண் என்பது உறுதி. அதன் காரணிகளில் ஒன்றுகூட இதுவரை யாருக்கும் தெரியாது.