சிறுதொழிற் கட்டடங்கள்: திட்டமிடலும் திருத்தியமைத்தலும்

சிறுதொழில் முனைவோர் கட்டடத்தில் முடக்கும் ஒவ்வொரு ரூபாயும் இயந்திரத்திற்கும் மூலப்பொருளுக்கும் கிட்டாத ரூபாயாகும். இவ்விடர்ப்பாட்டைக் குறைக்கும் பொருட்டே 1955ஆம் ஆண்டில் தொழிற்பேட்டைத் திட்டம் தொடங்கப்பெற்றது. தில்லி ஓக்லா, அலகாபாத்தை அடுத்த நைனி, சென்னை கிண்டி முதலிய இடங்களில் கொட்டகைகள் ஆயத்தமாகக் கட்டப்பெற்று, சாலை, மின்சாரம், குடிநீர் வசதிகளுடன் அளிக்கப்பட்டன.

கொட்டகை ஒரே அளவினதாயினும், அதனுள் நடைபெறும் தொழில்கள் வேறுபடுகின்றன. அச்சகத்திற்கு எடை தாங்கும் தளமும், தையற்கூடத்திற்கு நல்ல வெளிச்சமும், உணவுப்பொருள் தயாரிப்பிற்குக் கழிவுநீர் வடிகாலும் இன்றியமையாதவை. எனவே, மூலப்பொருள் உள்ளே வருவது முதல் பண்டம் வெளியேறுவது வரையுள்ள வரிசையை முதலில் வகுத்துக்கொண்டு, அதற்கேற்பச் சுவர்களையும் வாயில்களையும் அமைத்தல் வேண்டும்.

இடமும் உயரமும்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளி ஒருவருக்கு 14.2 கன மீட்டர் இடம் தேவை என வரையறுத்தது. தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேற்பட்ட வெளி இக்கணக்கில் சேராது. இதன்படி, 100 சதுர மீட்டர் பரப்பும் 4.2 மீட்டர் உயரமும் கொண்ட கூடத்தில் 29 பேர் பணியாற்றலாம். உயரத்தை 3 மீட்டராகக் குறைத்தால் 21 பேருக்கே இடமுண்டு. உயரத்தில் செய்யும் சிக்கனம் உற்பத்தித் திறனையே குறைத்துவிடுவதை இக்கணக்கு உணர்த்துகிறது.

திருத்தியமைக்கும்போது

தொழில் வளருகையில் கூடத்தின் நடுவே இடைத்தளம் அமைப்பது பரவலான வழக்கம். இதனால் தரைப்பரப்பு இருமடங்காகிறது; காற்றின் கன அளவோ சிறிதும் கூடுவதில்லை. ஆகவே, மேற்கண்ட கூடத்தில் இடைத்தளம் அமைத்தாலும் 29 பேர் என்ற வரம்பு உயராது. கூடுதல் எடையை அடித்தளமும் தூண்களும் தாங்குமா என்பதையும், பழைய மின்கம்பிகள் புதிய மின்சுமைக்கு ஏற்றவையா என்பதையும் பொறியாளர் ஆராய்ந்த பின்னரே பணியைத் தொடங்குதல் தகும்.

சுவரில் ஒரு செங்கல்லையும் அசைக்காமலே கட்டடத்தின் தன்மை மாறிவிடுவதும் உண்டு. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தொழிற்கட்டடங்களைக் குறைந்த, மிதமான, மிகுந்த தீ அபாயமுடையவை என மூவகையாகப் பிரித்தது. உலோகம் கடையும் கூடத்தில் நெகிழிப் பொருள்களையோ வண்ணப்பூச்சுகளையோ சேமித்தால், அபாயத்தின் அளவு உயர்ந்துவிடுகிறது. பயன்பாட்டு மாற்றத்திற்கும் அனுமதி பெறவேண்டியதன் காரணம் இதுவே.

வெளியேறும் வழி

2019 டிசம்பர் 8ஆம் நாள் தில்லி அனாஜ் மண்டிப் பகுதியில் தொழிற்கூடமாகப் பயன்பட்ட கட்டடமொன்றில் தீப்பற்றி 43 பேர் மாண்டனர். பெரும்பாலோர் புகையால் மூச்சுத்திணறி இறந்தவர்கள். 2022 மே 13ஆம் நாள் அதே தில்லியின் முண்ட்காவில் வணிகக் கட்டடமொன்றில் 27 உயிர்கள் பலியாயின. அங்கு வெளியேற ஒரே வழிதான் இருந்தது.

இரண்டாவது படிக்கட்டு வருவாய் தராத இடமாகக் கணக்கேட்டில் தோன்றலாம். சரக்கு அடுக்குவதற்காகச் சன்னலை மூடுவதும் ஆதாயமாகவே தெரியும். ஆயினும், ஒரு விபத்து உயிர்களோடு முதலீட்டையும் வேலைவாய்ப்பையும் ஒருங்கே அழித்துவிடுகிறது. வரைபடத்தைப் பரிசீலிக்கும் அலுவலர், எத்தனை இயந்திரங்கள் உள்ளே கொள்ளும் என்று பார்ப்பதற்கு முன்னர், எத்தனை பேர் எவ்வழியே வெளியேறுவர் என்பதை ஆராய்தல் வேண்டும்.